சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன வேடிக்கைக் கதைகள்

என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால் நான் சொல்லும் பதிலை இங்கே யாரும் உடனே நம்புவதில்லை. நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் எங்கள் தெருவில் இருக்கும் தமிழர்களில் பாதிப் பேர் கணினி, மீதிப் பேர் மருந்து கம்பெனி. நான் என் வீட்டில் நடப்பதை ஆங்கிலத்தில் வேடிக்கையாக எழுதி விற்கிறவள். முதலில் உள்ளூர்ப் பத்திரிகையில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். பிறகு நூலகங்களில் மைக் முன்னால் நின்று வாசிப்பது. பிறகு ஒரு சின்னப் பதிப்பகம் போட்ட புத்தகம். அட்டையில் என் பெயருக்குக் கீழே 'நினைவுகள்' என்று அச்சடித்திருந்தார்கள். கதைகள் என்று போட்டிருந்தால் எங்கள் வழக்கு வேறு மாதிரிப் போயிருக்கும் என்று பின்னால் எங்கள் வக்கீல் சொன்னார்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரியிலேயே கை ஒரு ஜோக்கைத் தேடிப் போய்விடுகிறது. இருபது வருடப் பழக்கம், சுலபத்தில் விடாது. இன்னொரு காரணமும் உண்டு. கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் என் மகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. இதை அவள் படிக்காமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

என் எழுத்துக்கெல்லாம் கதாநாயகன் என் கணவர்தான். மருந்து கம்பெனியில் சோதனைக்கூடத்து அறிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. ஒரு புள்ளி தப்பாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். வீட்டிலோ நேர் எதிர். தோசைக் கல்லை அடுப்பில் வைத்துவிட்டு டெலிவிஷன் முன்னால் போய் உட்காருவார். பனி தள்ளக் கிளம்பிப் பக்கத்து வீட்டு வாசல் பனியை முழுக்கத் தள்ளிவிட்டு வருவார். பொறுமையான மனிதர். என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதவர். நகைச்சுவை எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

என் தொழில் ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. கண், காது, மூக்கு வைப்பது. அவர் ஒரு தோசையைக் கருக்கினால் நான் நான்கு என்று எழுதுவேன். புகை மணி அடித்ததோடு நிற்காமல் தீயணைப்பு வண்டியையும் வரவழைப்பேன். மார்ச்சில் நடந்ததையும் அக்டோபரில் நடந்ததையும் ஒரே நாளில் நடந்ததாகச் சேர்த்துத் தைப்பேன். இந்த ஊரில் நினைவுகள் எழுதுகிற எல்லோரும் செய்வதுதான் இது. நடந்ததன் சாரம் உண்மை என்றால் போதும் என்று எங்களுக்குள் ஒரு சமாதானம் வைத்திருக்கிறோம். யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை என்பதும் ஒரு தைரியம்.

ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அவர் இன்னும் வேடிக்கையானவராக ஆனார். இப்படித்தான் அப்போது நினைத்தேன். அப்படியே எழுதியும் வைத்தேன்.

ஃபில்டரில் காப்பித்தூள் போட்டு வெந்நீர் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து அதே தூள் மேல் இன்னொரு முறை ஊற்றுவார். சனிக்கிழமை காலையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்புவார். எதிர் வீட்டில் பதினோரு வருடமாக இருக்கிறவரைப் பார்த்து, "நீங்க இந்த ஏரியாவுக்குப் புதுசா?" என்று அக்கறையாக விசாரித்தார். அந்த மனிதர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் கணவரும் எங்களைப் பார்த்துவிட்டு, ஒரு வினாடி தாமதமாகச் சிரித்தார். அந்த ஒரு வினாடியை நான் கவனித்தேன். கவனித்து, நல்ல நடிகனுக்கு இருக்கும் நேரக்கணக்கு என்று எழுதினேன். அந்த வரிக்கு நூலகத்தில் கைதட்டல் கிடைத்தது.

அவரே பொருள் எடுத்துக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஏதாவது தப்பு நடந்தால் நான் வாயைத் திறப்பதற்குள், "இத எழுதிக்கோ, இத எழுதிக்கோ" என்று அவரே சொல்லிவிடுவார். யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் பிள்ளைகள், "அங்கிள், திஸ் வீக் என்ன பண்ணீங்க?" என்று சூழ்ந்துகொள்வார்கள். அவர் சொல்வார், கூட்டம் சிரிக்கும். சிரித்த பிறகு யாரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்பதில்லை. அதற்காகத்தான் அவர் சொன்னாரோ என்று இப்போது எனக்குச் சந்தேகம். அவரிடம் கேட்கும் காலம் தாண்டிவிட்டது.

ஒருத்திதான் சிரிக்கவில்லை. மகள் ஒருநாள் போன் செய்து, அப்பா ஒரே கேள்வியை ஒரு பேச்சுக்குள்ளேயே நான்கு முறை கேட்டார், இது எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை, டாக்டரிடம் கூட்டிப் போ என்று ஆங்கிலத்தில் படபடவென்று பொரிந்தாள்.

"நாலு தடவையா? நான் அஞ்சுன்னு எழுதிக்கறேன்" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். உனக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது என்று அவளுக்கு ஒரு செய்தியும் அனுப்பினேன். அது இன்னும் என் போனில் இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளின் பிறந்த நட்சத்திரத்துக்கு பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் அர்ச்சனை செய்வதாக இருந்தோம். நான் ஒரு சிநேகிதியின் காரில் காலையிலேயே போய்விட்டேன். கோயில் சமையலறையில் அன்று எங்களுக்குக் காய் நறுக்கும் முறை. இவர் பதினோரு மணிக்குத் தேங்காய், பழப் பையோடு வந்து சேர வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிற நெடுஞ்சாலை, இறங்க வேண்டிய எக்ஸிட் அவருக்கு மனப்பாடம்.

பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. போன் அடித்தது, எடுக்கவில்லை. சிநேகிதி, "கேம் பாத்துட்டு தூங்கிருப்பாரு, விடு" என்றாள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டு ஒரு தட்டு புளியோதரை சாப்பிட்டேன். மூன்றரை மணிக்கு அவர் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது வேறு யாரோ. அடுத்த மாநிலமான பென்சில்வேனியாவின் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிறவர். உங்கள் கணவர் இரண்டு மணி நேரமாக இங்கே வண்டியில் உட்கார்ந்திருக்கிறார், மூன்று முறை பெட்ரோல் போடச் சொன்னார், டேங்க் நிறைந்துதான் இருக்கிறது, அழுகிறார், வந்து கூட்டிப் போங்கள் என்றார்.

சிநேகிதி ஓட்டினாள். நாங்கள் போய்ச் சேரும்போது அவர் ஓட்டுநர் இருக்கையில் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். தேங்காய்ப் பை மடியில் இருந்தது. சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. நான் கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எக்ஸிட் நம்பர்லாம் தெரியுது. போர்டெல்லாம் படிக்க முடியுது. ஆனா எங்க போறேன்னு தெரியல."

"பரவால்லங்க. நான் வந்துட்டேன்ல."

"இத எழுதாத."

"சரி."

"மத்ததெல்லாம் எழுதிக்கோ. இத மட்டும் எழுதாத."

சரி என்று இரண்டாவது முறையும் சொன்னேன். திரும்பி வரும்போது நான்தான் எங்கள் வண்டியை ஓட்டினேன். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். "வேல டென்ஷன்தான். ஆடிட் முடிஞ்சா சரியாயிடும்" என்றார். நான் உடனே ஒத்துக்கொண்டேன். இவ்வளவு சீக்கிரம் அவர் பேச்சுக்கு நான் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. பயந்துபோயிருந்தேன். போனால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை அதை எழுதினேன்.

எப்படி மனசு வந்தது என்று கேட்பீர்கள். பதிப்பகத்துக்குக் கடைசி அத்தியாயம் கொடுக்க வேண்டிய கெடு வந்துவிட்டது. ஏழு முடிவுகள் எழுதிப் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. இது மட்டும் தானாக வந்து நின்றது. அழுததை எடுத்துவிட்டேன். பெட்ரோல் பங்க் ஆளையும் எடுத்துவிட்டேன். ஐந்து மணி நேரத்தை ஒன்றரை மணியாகக் குறைத்தேன். அவரே சமாளித்து வண்டியைத் திருப்பிக் கோயிலுக்கு வந்ததாகவும், வந்ததும் இருவரும் சிரித்ததாகவும் போட்டேன். இவ்வளவு மாற்றிய பிறகு இது அந்தச் சம்பவமே இல்லை, அதனால் சொன்ன வார்த்தையை மீறவில்லை என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டேன். வாழ்க்கை முழுக்கச் சின்னதைப் பெரிதாக்கிப் பிழைத்தவள், கைக்கு ஒரு பெரியது வந்தபோது அதைச் சின்னதாக்கினேன். புத்தகத்தில் அது நூற்றுப் பதினான்காம் பக்கம்.

புத்தகம் வந்ததும் அவர் படித்தார். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அன்று சாயங்காலம் என்னோடு நடக்க வரவில்லை, தனியாகப் போனார். கோபமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதற்கு எட்டு மாதம் கழித்து அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அறிக்கைகளில் தப்புகள், ஒரே கோப்பை இரண்டு முறை அனுப்புவது, மீட்டிங்கை மறப்பது. வேலைத்திறன் போதவில்லை என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் பொருட்களை ஒரு அட்டைப்பெட்டியில் எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டியில் பக்கத்து மேஜைக்காரரின் குடும்பப் போட்டோவும் இருந்தது. அந்த வாரம் நான் எதுவும் எழுதவில்லை.

மகள் விமானத்தில் வந்தாள். என்னிடம் அனுமதி கேட்காமல் நரம்பு மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். படங்கள் எடுத்தார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். என் கணவர் எல்லா எண்ணையும் ஒரே பக்கமாக எழுதிவிட்டு, முள் எங்கே வைப்பது என்று தெரியாமல் பென்சிலை என்னிடம் நீட்டினார். வயதுக்கு முன்பே வந்த மறதி நோய் என்றார் டாக்டர். எப்போது தொடங்கியது என்று கேட்டார். ஒரு வருடம் இருக்கலாம் என்றேன். மகள் தன் பையிலிருந்து என் புத்தகத்தை எடுத்து டாக்டரின் மேஜையில் வைத்தாள். "இட்ஸ் ஆல் இன் ஹியர்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் வேலையில் இருந்தபோது, உடல்நலம் கெட்டு வேலை செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் ஒரு தொகை வரும்படி ஒரு காப்பீடு இருந்தது. அது வந்தால் அவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், பகலில் ஒரு ஆள் போடலாம். வராவிட்டால் வீட்டை விற்றுவிட்டு அவரை ஒரு இல்லத்தில் விட வேண்டும். காப்பீட்டுக்காரர்கள் மறுத்தார்கள். வேலையில் இருந்த நாட்களில் நோய் இருந்ததற்கு ஒரு டாக்டர் சீட்டுகூட இல்லையே என்றார்கள். நியாயம்தான். சீட்டு வாங்க வேண்டியவள் பக்கம் பக்கமாக ஜோக் எழுதிக்கொண்டிருந்தேன்.

வழக்குப் போட்டோம். எங்கள் வக்கீல் வயதானவர், அதிகம் பேசமாட்டார். நம்மிடம் இருக்கும் ஒரே ஆதாரம் இந்தப் புத்தகம்தான் என்றார். மஞ்சள், இளஞ்சிவப்பு என்று இரண்டு கோடிடும் பேனாக்களை என்னிடம் கொடுத்து, உண்மையில் நடந்ததற்கு மஞ்சள், நீங்களாகச் சேர்த்ததற்கு இளஞ்சிவப்பு என்றார். மூன்று நாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து என் புத்தகத்தை நானே படித்தேன். கணவர் எதிரில் உட்கார்ந்து, பேனா மூடிகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். சில இடங்களில் எனக்கே தெரியவில்லை. அவர் குளிர்சாதனப் பெட்டிக்குள் செருப்பை வைத்தது நடந்ததா, நான் வைத்ததா? இப்போது அவர் நிஜமாகவே வைக்கிறார். இரண்டு பேனாவையும் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடலாமா என்று யோசித்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? கைதட்டலுக்காகப் பொய் சொன்ன வாய், கட்டின புருஷனுக்காக ஒரு பொய் சொன்னால் என்ன? வக்கீலிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேனாக்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

கோர்ட்டுக்கு முந்தைய வாக்குமூலத்துக்காக, நெடுஞ்சாலை ஓரத்து அலுவலகக் கட்டடம் ஒன்றில் காப்பீட்டுக்காரர்களின் வக்கீல் என்னை விசாரித்தார். இளம்பெண், மரியாதையானவர். தன் அம்மாவுக்கு என் புத்தகம் பிடித்திருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். நான் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். பேசுவதையெல்லாம் ஒரு பெண்மணி சின்ன இயந்திரத்தில் தட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் கணவரும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, சவரம் செய்த முகம். எல்லோருக்கும் ஒருமுறை குட் மார்னிங் சொன்னார்.

தீயணைப்பு வண்டி வந்ததா? வரவில்லை. அடுத்தவர் வீட்டு வாசலில் அரை மணி நேரம் சாவியைத் திருகிக்கொண்டு நின்றாரா? இரண்டு நிமிடம். அவர் உங்கள் மகளின் பட்டமளிப்பு விழாவில் வேறொரு பெண்ணைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாரா? இல்லை, அது முழுக்க என் கற்பனை. அந்த வக்கீல் பெண் ஒவ்வொரு பதிலுக்கும் நன்றி சொன்னார். இருபது வருடமாக என்னை வாழவைத்த ஒவ்வொரு பொய்யும் அந்த இயந்திரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் வக்கீல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நூற்றுப் பதினான்காம் பக்கம், கோயிலுக்கு வழி தவறியது, இதுவும் கற்பனைதானா என்று அந்தப் பெண் கேட்டார்.

"அதில் இருப்பதும் பொய்தான்" என்றேன். எங்கள் வக்கீல் தலையைத் தூக்கினார்.

எது பொய் என்று அந்தப் பெண் கேட்டார். சொன்னேன். ஐந்து மணி நேரம், பெட்ரோல் பங்க், மூன்று முறை போடச் சொன்னது, நனைந்த சட்டை. எங்கே போகிறேன் என்று தெரியவில்லை என்று அவர் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். அழைப்பு வந்த பதிவு போனில் இருக்கிறது, கூட வந்த சிநேகிதி சாட்சி சொல்வாள் என்றேன். அப்புறம் ஏன் சிரித்ததாக எழுதினீர்கள் என்று கேட்டார்.

"நாங்கள் சிரிக்கவில்லை. எழுதாதே என்று அவர் கேட்டுக்கொண்டார். நான் எழுதிவிட்டேன்."

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு பதிலால்தான் சில மாதம் கழித்துக் காப்பீடு கிடைத்தது. மற்றதையெல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டவள் இதை மட்டும் இட்டுக்கட்டியிருக்க மாட்டாள் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்களாம். அவர் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல, அன்று அதற்குப் பிறகு நடந்தது.

அந்தப் பெண் புத்தகத்தை எடுத்தார். எழுதியதற்கும் இப்போது சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பதிவில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். 'கோயிலுக்கு இருபது நிமிடம். என் கணவர் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். வழியில் பென்சில்வேனியாவை ஒரு நோட்டம் பார்த்துவிட்டு, அது இன்னும் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு திரும்பினார். எக்ஸிட்டை ஏன் விட்டீர்கள் என்றேன். கடவுள் எங்கும் இருக்கிறார், இந்த எக்ஸிட்டில் மட்டும்தானா என்றார்.' அந்தப் பெண்ணுக்கு நன்றாகவே வாசிக்க வந்தது. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார்.

காலையிலிருந்து மேஜையைத் தடவிக்கொண்டிருந்த என் கணவர் சிரித்தார். அடக்கமான சிரிப்பில்லை. தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, விருந்து வீடுகளில் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. வேறு யாரும் சிரிக்கவில்லை. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் சாய்ந்தார்.

"பாவம். அப்புறம் அந்த ஆளு வீட்டுக்குப் போய்ச் சேந்தாரா?"

அவர் என்ன சொன்னார் என்று அந்தப் பெண் கேட்டார். தமிழில் பேசியதால் பதிவுக்கு ஆங்கிலத்தில் வேண்டும் என்றார். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"அந்த மனிதர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்று கேட்கிறார்."

பதிவு செய்யும் பெண்மணி அதை அடித்து முடித்துவிட்டு, இயந்திரத்திலிருந்து விரலை எடுக்காமல், என் பதிலுக்காகக் காத்திருந்தார்.